சாண்டி ஹூக் கொலையாளி ஆடியது எந்த விளையாட்டு? பெருநற்கிள்ளியின் கூற்றுக்கு மறுப்பு

இளங்கதிர்:
திரைப்படங்களைப் பற்றிய இழையில் பெருநற்கிள்ளி ஐயா போகிற போக்கில் வீடியோ கேம், சினிமா, அரசியல், குற்றம் ஆகிய நான்கைப் பற்றியும் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அங்கே பதில் எழுதினால் இழை திசைமாறும் என்பதால் தனி இழை தொடங்குகிறேன். அவர் எழுதியது இது: "அடிதடிப் படங்கள் ஒரு தலைமுறையைக் கெடுத்தன, மிச்சத்தை வீடியோ கேம்கள் கெடுத்துவிட்டன. அமெரிக்காவில் சாண்டி ஹூக் பள்ளியில் சுட்டவன் நாள் முழுவதும் சுடும் விளையாட்டுகளை ஆடித்தான் பயிற்சி பெற்றான். விளையாட்டு நிறுவனங்களின் பணத்துக்குப் பயந்து அங்குள்ள அரசியல்வாதிகள் வாயே திறப்பதில்லை. குற்றங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகுவதற்கு இதுவே காரணம்."

மற்றவை அபிப்பிராயங்கள், அவற்றைப் பிறகு பார்க்கலாம். ஆனால் சாண்டி ஹூக் பற்றிய வாக்கியம் அபிப்பிராயம் அல்ல, நடந்ததாகச் சொல்லப்படும் தகவல். அந்தத் தகவல் தவறு. கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுன் ஊரில் 2012 டிசம்பர் 14 அன்று 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் பள்ளிக்குள் கொல்லப்பட்டார்கள். அரசு வழக்கறிஞரின் விசாரணை அறிக்கை 2013 நவம்பரில் வெளியானது. கொலையாளி 2011 தொடங்கி, கொலைகளுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு வரை, அருகிலிருந்த ஒரு திரையரங்கின் முன்கூடத்துக்குப் போய் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' என்ற இயந்திரத்தில் ஆடிவந்தான் என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. பெரும்பாலான வாரங்களில் வெள்ளி முதல் ஞாயிறு வரை, ஒரு முறைக்கு நான்கு மணி நேரத்திலிருந்து பத்து மணி நேரம் வரை ஆடியிருக்கிறான். பாட்டுக்கு ஏற்பத் திரையில் அம்புக்குறிகள் ஏறிவரும், காலடியிலுள்ள பலகையில் அதே குறிகளை மிதிக்க வேண்டும், அவ்வளவுதான் அந்த விளையாட்டு. அதில் துப்பாக்கியே கிடையாது. ஐயா சொல்லும் 'பயிற்சி' எந்த வகைப் பயிற்சி என்று அவரே விளக்கட்டும்.

பெருநற்கிள்ளி:
தம்பி இளங்கதிருக்கு என்மேல் இருக்கும் கோபம் புதிதல்ல. சென்ற ஆண்டு திரைப்படத் தணிக்கை பற்றிய இழையில் என்னைப் 'பழைய பஞ்சாங்கம்' என்று அழைத்தவர் இவர்தான், அதை நான் மறக்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். பிள்ளைகள் எதைப் பார்த்து எதைச் செய்கிறார்கள் என்பதை அறிக்கையைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நான் இல்லை.

இருந்தாலும் அறிக்கையைப் பற்றியே பேசுவோம். அதே அறிக்கையில், அவனுடைய வீட்டில் 'கால் ஆஃப் டியூட்டி', 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ', 'டூம்' முதலிய வன்முறை விளையாட்டுகள் இருந்ததாக எழுதப்பட்டிருக்கிறதா, இல்லையா? அதற்கும் மேலாக, அவனுடைய கணினிப் பொருள்களில் 'ஸ்கூல் ஷூட்டிங்' என்ற பெயரிலேயே ஒரு விளையாட்டு இருந்தது. ஆடுபவர் பள்ளிக்குள் நுழைந்து மாணவர்களைச் சுடுவதுதான் அந்த விளையாட்டு. இளங்கதிர் நடன இயந்திரத்தை மட்டும் எடுத்துக்காட்டிவிட்டு இதை விட்டுவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று இதைத்தான் நம் பெரியவர்கள் சொன்னார்கள்.

இளங்கதிர்:
நான் எதையும் மறைக்கவில்லை. ஐயா எழுதிய சொற்கள் 'நாள் முழுவதும் சுடும் விளையாட்டுகளை ஆடி' என்பவை. ஒரு பொருள் வீட்டில் இருந்தது என்பது வேறு, அதை அவன் நாள் முழுவதும் ஆடினான் என்பது வேறு. நாள் முழுவதும் என்ற பேச்சு அந்த அறிக்கையிலேயே ஓர் இடத்தில் வருகிறது. அவன் பெரும்பாலான நேரத்தை வன்முறையற்ற விளையாட்டுகளில்தான் கழித்தான், ஒரு காலத்தில் அவனுக்கு மிகவும் பிடித்தது 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்று அவனை அறிந்த ஒருவர் கூறியதாக அங்கே பதிவாகியிருக்கிறது. ஆகவே நாள் முழுவதும் ஆடியது மாரியோ, வார இறுதியில் பத்து மணி நேரம் வரை ஆடியது நடன இயந்திரம். பெருநற்கிள்ளி ஐயா சொன்னது இரண்டிலும் இல்லை.

கயல்விழி:
பதின்வயதுப் பிள்ளையை வளர்க்கும் தாயாக இந்த விவாதம் எனக்கு வேதனை தருகிறது. இருபது குழந்தைகள் இறந்துபோன நிகழ்வில், கொலையாளி எத்தனை மணி நேரம் நடனம் ஆடினான் என்று கணக்குப் பார்ப்பது எப்படி முடிகிறது? பள்ளியில் சுடுவதையே விளையாட்டாக ஆக்கிய ஒன்று அவனுடைய கணினியில் இருந்தது என்ற ஒரு செய்தி போதாதா? நம் நாட்டிலேயே பப்ஜி விளையாட்டைத் தடை செய்தார்களே, காரணமில்லாமலா செய்தார்கள்?

இளங்கதிர்:
சகோதரி, காரணத்தோடுதான் செய்தார்கள், ஆனால் நீங்கள் நினைக்கும் காரணம் அதுவல்ல. 2020 செப்டம்பர் 2 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் 118 செயலிகள் தடை செய்யப்பட்டன, அவற்றுள் பப்ஜியும் ஒன்று. எல்லையில் சீனாவோடு மோதல் நடந்த ஆண்டு அது. நாட்டின் இறையாண்மையும் பயனர்களின் தரவுப் பாதுகாப்பும்தான் அரசு சொன்ன காரணங்கள், வன்முறை அல்ல. அடுத்த ஆண்டே ஏறத்தாழ அதே விளையாட்டு வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டது. நீங்கள் எண்ண வேண்டியது ராஜ்கோட்டை. 2019 மார்ச்சில் உள்ளூர்த் தடையை மீறிப் பப்ஜி ஆடினார்கள் என்று அங்கே கல்லூரி மாணவர்களையே காவல் துறை கைது செய்தது. கைப்பேசியில் விளையாடியதற்காக ஒரு மாணவன்மேல் வழக்குப் பதிவாவதை, ஒரு தாயாக நீங்கள் ஏற்பீர்களா?

கயல்விழி:
கைதை நான் ஆதரிக்கவில்லை. நான் கேட்டது பள்ளியில் சுடும் விளையாட்டைப் பற்றி. அதற்குப் பதில் வரவில்லை.

ஆதிரை:
எல்லோரும் ஒரு நிமிடம் பொறுத்தால் நல்லது. 'வன்முறை' என்று ஒருவர் கோபத்தைச் சொல்கிறார், இன்னொருவர் கொலையைச் சொல்கிறார். அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2015இல் இந்த இரண்டையும் பிரித்தே பேசியது. வன்முறை விளையாட்டுகளுக்கும் எரிச்சல், பகைமை, தாக்கும் போக்கு ஆகியவற்றுக்கும் தொடர்பு காணப்படுகிறது, ஆனால் அவை குற்றச் செயல்களுக்கு இட்டுச்செல்கின்றன என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. 2020இலும் அச்சங்கம் அதை வலியுறுத்தியது. நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் பாதி சண்டை தீரும்.

பெருநற்கிள்ளி:
ஆதிரை அம்மையார் நல்லெண்ணத்தோடு எழுதுகிறார், ஆனால் இது வரையறை எழுதும் நேரம் அல்ல. 'ஸ்கூல் ஷூட்டிங்' என்ற விளையாட்டு அவனிடம் இருந்ததா, இல்லையா? ஆம் என்றோ இல்லை என்றோ இளங்கதிர் எழுதட்டும்.

இளங்கதிர்:
இருந்தது. அதை நான் மறுக்கவே இல்லை. இப்போது நான் கேட்கும் கேள்விக்கு ஐயா பதில் எழுதட்டும்: அவன் வாரந்தோறும் மணிக்கணக்கில் நின்றது எந்த இயந்திரத்தின்மேல்? நடன இயந்திரத்தின்மேல். அதை எழுத ஐயாவின் விரல்கள் ஏன் மறுக்கின்றன?

இனி அரசியல்வாதிகள் வாய் திறப்பதில்லை என்ற கூற்றுக்கு வருகிறேன். அமெரிக்க அரசியலில் வாய் ஓயாமல் பேசப்பட்ட பொருள்களில் ஒன்று இது. 1993 டிசம்பரில் செனட்டர்கள் ஜோ லீபர்மனும் ஹெர்ப் கோலும் 'மார்ட்டல் காம்பேட்', 'நைட் டிராப்' ஆகிய விளையாட்டுகளை முன்வைத்து விசாரணை நடத்தினார்கள். அந்த அழுத்தத்தால் மறு ஆண்டே வயதுத் தர முத்திரை வழங்கும் ஈஎஸ்ஆர்பி வாரியத்தைத் தொழில்துறையே அமைத்தது. சாண்டி ஹூக் நடந்து ஒரே வாரத்தில், 2012 டிசம்பர் 21 அன்று, துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் வெய்ன் லாபியர் செய்தியாளர்கள் முன் நின்று விளையாட்டு நிறுவனங்களையும் திரைப்படங்களையும் குற்றம் சாட்டினார். பார்க்லேண்ட் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு 2018 மார்ச்சில் அதிபர் டிரம்ப் விளையாட்டு நிறுவனத்தாரை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்தார். அன்று வெள்ளை மாளிகை விளையாட்டுகளின் கொடூரக் காட்சிகளைத் தொகுத்து 88 விநாடிக் காணொளி ஒன்றையும் வெளியிட்டது. 2019 ஆகஸ்டில் டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரில் நடந்த படுகொலைக்குப் பிறகும் அவர் விளையாட்டுகளைச் சாடினார். அந்தப் படுகொலையைச் செய்ததாகப் பிடிபட்டவன் இணையத்தில் இட்டதாகச் சொல்லப்பட்ட அறிக்கை, குடியேறிகளின்மேல் கொண்ட வெறுப்பால் நிறைந்திருந்தது. எய்தவன் இருக்க அம்பை நோவதுகூட இல்லை இது, பக்கத்து வீட்டில் தொங்கும் அம்பை நோவது.

டல்லாஸ் தமிழன்:
நான் டெக்சாஸில் பதினெட்டு ஆண்டுகளாக வாழ்கிறேன். எல் பாசோவும் என் மாநிலம்தான். சென்னையில் உட்கார்ந்துகொண்டு எங்கள் நாட்டைப் பற்றி அறிக்கை படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். லாபியர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை, ஆனால் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கும் கோடிக்கணக்கானவர்களை இளங்கதிர் கொலையாளிகளின் வரிசையில் நிறுத்துவதையும் ஏற்க முடியாது. என் வீட்டிலும் துப்பாக்கி இருக்கிறது. பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது.

இளங்கதிர்:
உங்களைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. நான் எழுதியது நடன இயந்திரத்தைப் பற்றி. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், ஆகவே சொல்கிறேன். அந்த இயந்திரத்தைச் செய்த கொனாமி நிறுவனம் ஜப்பானைச் சேர்ந்தது. உலகம் ஆடும் விளையாட்டுகளில் பெரும் பங்கு அங்கிருந்து வருகிறது, அங்குள்ள பிள்ளைகளும் ஆடுகிறார்கள். ஜப்பானில் துப்பாக்கியால் கொல்லப்படுபவர்களை ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணிவிடலாம். உங்கள் நாட்டில் 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள், தற்கொலைகளையும் சேர்த்து, 48,000க்கும் மேல். விளையாட்டு இரு நாட்டுக்கும் பொது. பொதுவாக இல்லாத பொருள் எது என்று உங்கள் இரும்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

டல்லாஸ் தமிழன்:
ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே 2022 ஜூலையில் எதனால் கொல்லப்பட்டார்? சட்டம் கடுமையாக இருந்ததால் துப்பாக்கி ஒழிந்துவிட்டதா?

இளங்கதிர்:
வீட்டிலேயே குழாய்களை ஒட்டிச் செய்த துப்பாக்கியால். கடையில் வாங்க முடியாமல் போனதால்தான் கொலையாளி குழாயை ஒட்ட வேண்டியிருந்தது. உங்கள் எடுத்துக்காட்டு என் பக்கம் நிற்கிறது.

டல்லாஸ் தமிழன்:
ஒரு பிரதமரின் சாவைக்கூட உங்கள் பக்கத்துச் சாட்சியாக்கும் மனம் உங்களுக்கு மட்டுமே வாய்க்கும். எல் பாசோவைப் பற்றி எழுதியபோது வால்மார்ட்டை ஏன் விட்டுவிட்டீர்கள்? படுகொலை நடந்த கடை அவர்களுடையது. அடுத்த மாதமே கைத்துப்பாக்கித் தோட்டாக்களின் விற்பனையை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். அமெரிக்காவில் யாரும் எதுவும் செய்வதில்லை என்பது உங்கள் கற்பனை.

இளங்கதிர்:
அடுத்த மாதம் செய்ததைச் சொன்னீர்கள், அதே வாரம் செய்ததை நான் சொல்கிறேன். வன்முறை விளையாட்டுகளின் விளம்பரங்களையும் காட்சித் திரைகளையும் உடனே அகற்றும்படி அந்நிறுவனம் தன் கடைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அந்த வாரம் துப்பாக்கி விற்பனை நிற்கவில்லை. எது முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது என்பதுதான் என் கேள்வி.

பெருநற்கிள்ளி:
வால்மார்ட், ஜப்பான் என்று ஊர் சுற்றியாயிற்று. கலிஃபோர்னியாவுக்கும் போவோம். அங்கே 2005இல் லீலாண்ட் யீ என்ற சட்டமன்ற உறுப்பினர், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடிய வன்முறை விளையாட்டுகளை விற்பதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தார். மீறி விற்றால் ஆயிரம் டாலர் வரை அபராதம். அவர் குழந்தை உளவியல் படித்தவர், இணையத்தில் பொழுதுபோக்குபவர் அல்ல. அந்தச் சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்த்து முறியடித்தது யார்? விளையாட்டு விற்பவர்களின் சங்கங்கள். பணத்தின் வலிமையைப் பற்றி நான் சொன்னதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இளங்கதிர்:
ஐயா இந்தப் பெயரை எடுத்ததற்கு நன்றி. அந்தச் சட்டத்தை 2011 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் செல்லாது என்றது. தீர்ப்பை எழுதிய அன்டோனின் ஸ்காலியா தீவிரப் பழமைவாதி, எந்த விளையாட்டு நிறுவனத்தின் கையாளும் அல்லர். குழந்தைகளுக்கு நாம் சொல்லும் தேவதைக் கதைகளிலேயே கொடூரத்துக்குக் குறைவில்லை, சூனியக்காரியை அடுப்பில் தள்ளிக் கொல்லும் கதையைப் பிள்ளைகள் காலங்காலமாகக் கேட்டுத்தான் வளர்கிறார்கள் என்பது அவர் வாதங்களில் ஒன்று. முன்வைக்கப்பட்ட ஆய்வுகள் விளையாட்டினால் சிறுவர்கள் வன்செயலில் இறங்குகிறார்கள் என்பதை நிறுவவில்லை என்றும் எழுதினார்.

இனி யீயின் கதை. குழந்தைகளைத் துப்பாக்கிப் படங்களிலிருந்து காக்கப் புறப்பட்ட அந்த மனிதர் 2014 மார்ச்சில் எஃப்பிஐயால் கைது செய்யப்பட்டார். ஊழலோடு, ஆயுதக் கடத்தலுக்குச் சதி செய்ததாகவும் குற்றச்சாட்டு. 2015இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2016இல் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அவருடைய சட்ட முன்வரைவில் கையெழுத்திட்ட ஆளுநர் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர், திரையில் இயந்திரத் துப்பாக்கி ஏந்தி உலகப் புகழ் பெற்ற நடிகர். சினிமா, அரசியல், வீடியோ கேம், குற்றம் ஆகிய நான்கும் ஒரே சட்டத்தில் வந்து சேர்ந்த வரலாறு இது. ஐயா இதைத் தன் பக்கத்துச் சான்றாகக் கொண்டுவந்திருக்கிறார்.

பெருநற்கிள்ளி:
ஒருவர் பிற்காலத்தில் குற்றம் செய்தார் என்பதால் அவர் முன்பு சொன்னது பொய்யாகிவிடாது. இந்தச் சிறிய தர்க்கத்தை நான் எட்டாம் வகுப்பிலேயே பாடமாக நடத்தியிருக்கிறேன். ஏழுக்கு இரண்டு என்று பெருமை பேசுபவர், அந்த இருவருள் ஒருவரான நீதிபதி பிரையர் ஆய்வுகளைப் பட்டியலிட்டு மாறுபட்ட தீர்ப்பு எழுதியதைச் சொல்லவில்லை. எப்போதும் பாதியை மட்டும் காட்டுவது இவருடைய பழக்கம். தணிக்கை இழையிலும் இதையே செய்தார். நான் மீண்டும் கேட்கிறேன்: பள்ளியில் சுடும் விளையாட்டை ஒருவன் கணினியில் வைத்திருந்தான், பிறகு பள்ளியில் சுட்டான். இவ்விரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று எந்த மனசாட்சியோடு எழுதுகிறீர்கள்?

இளங்கதிர்:
தொடர்பை நிறுவ வேண்டியவர் தொடர்பு உண்டென்று சொன்னவர். அந்த அறிக்கை கொலைக்கான நோக்கத்தை உறுதியாகக் கண்டறிய முடியவில்லை என்றே முடிகிறது. அரசு வழக்கறிஞரால் முடியாததை ஐயா ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது எளிது, நடன இயந்திரத்துக்கும் பள்ளிப் படுகொலைக்கும் முடிச்சுப் போட்டுக் காட்டுங்கள் பார்க்கலாம்.

குற்றங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகின்றன என்பதும் தவறு. எஃப்பிஐ கணக்குப்படி அமெரிக்காவில் 1991இல் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 758 வன்குற்றங்கள் பதிவாயின. 'டூம்' வெளியானது 1993இல். அதன் பிறகு சுடும் விளையாட்டுகள் வீட்டுக்கு வீடு நுழைந்தன, 2014இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 362. பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

சினிமாவுக்கும் கணக்கு இருக்கிறது. கார்டன் டால், ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா என்ற பொருளியலாளர்கள் 1995 முதல் 2004 வரையிலான தரவுகளை எடுத்துக்கொண்டு, 2009இல் ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். வன்முறைப் படங்களுக்குக் கூட்டம் அலைமோதிய நாள்களில் தாக்குதல் குற்றங்கள் குறைந்தன என்று கண்டார்கள். வம்புக்குப் போகும் இயல்புள்ள இளைஞர்கள் அந்த மாலைப் பொழுதில் மதுக்கடையில் இல்லாமல் அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதே அவர்கள் சொன்ன விளக்கம். படம் முடிந்து நள்ளிரவைத் தாண்டியும் குற்றங்கள் குறைவாகவே இருந்தன, ஏனெனில் அரங்கிலிருந்து வந்தவர்கள் குடித்திருக்கவில்லை.

ஆதிரை:
அந்த ஆய்வு உடனடி விளைவை மட்டுமே அளந்தது. ஆண்டுக்கணக்கில் பார்ப்பதால் என்ன ஆகும் என்பதை அதனால் சொல்ல முடியாது என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். நான் முன்பு கேட்ட கேள்வியும் அப்படியே நிற்கிறது.

பெருநற்கிள்ளி:
பார்த்தீர்களா, மறுபடியும் பாதி! குற்றம் குறைந்ததற்கும் விளையாட்டுக்கும் என்ன தொடர்பு? அமெரிக்கா இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சிறையில் அடைத்து வைத்ததை இவர் எழுதினாரா? நான் சேர்த்துப் பேசினால் முடிச்சு, இவர் சேர்த்துப் பேசினால் புள்ளிவிவரமா?

இளங்கதிர்:
விளையாட்டால் குற்றம் குறைந்தது என்று நான் எழுதவே இல்லை, மேலே போய்ப் படியுங்கள். பெருகுகிறது என்று நீங்கள் எழுதினீர்கள், பெருகவில்லை என்று நான் காட்டினேன்.

நெறியாளர்:
தனிப்பட்ட பழைய சண்டைகளை இங்கே இழுக்க வேண்டாம் என்று இரு தரப்பையும் கேட்டுக்கொள்கிறேன்.

பெருநற்கிள்ளி:
'பழைய பஞ்சாங்கம்' என்ற பதிவை நீக்கச் சொல்லி நான் புகார் அளித்தபோது நெறியாளர் எங்கே இருந்தார் என்பதை அவர் விளக்கினால் நானும் கட்டுப்படுவேன்.

கயல்விழி:
என் கேள்விக்கு எந்த ஆணும் பதில் எழுதவில்லை. என் மகன் அப்படியொரு விளையாட்டைக் கணினியில் வைத்திருந்தால், அவன் நடனமும் ஆடுகிறான் என்று நான் நிம்மதியாகத் தூங்க வேண்டுமா?

இளங்கதிர்:
தூங்க வேண்டாம், சகோதரி. அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் துப்பாக்கி இல்லை. அந்த வீட்டில் இருந்தது. தாயே சட்டப்படி வாங்கி வைத்திருந்த துப்பாக்கிகள் அவை. கொலையாளி அவற்றால் முதலில் தாயைக் கொன்றுவிட்டுப் பிறகுதான் பள்ளிக்குப் போனான். கைத்துப்பாக்கி ஒன்று வாங்கிக்கொள்வதற்காகத் தாய் மகனுக்கு எழுதி வைத்திருந்த காசோலையும் அந்த வீட்டிலேயே கிடைத்தது. இதுவும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. விளையாட்டுகளின் பெயர்களைப் பொறுக்கி எடுத்த பெருநற்கிள்ளி ஐயாவின் கண்ணுக்குக் காசோலை படவில்லை.

டல்லாஸ் தமிழன்:
அது அந்தத் தாயின் தவறு, துப்பாக்கியின் தவறு அல்ல, சட்டத்தின் தவறும் அல்ல. ஒரு பொறுப்பற்ற தாயைக் காட்டி என் உரிமையைப் பறிக்க முடியாது.

இளங்கதிர்:
அப்படியானால் துப்பாக்கிக்குத் தாய் பொறுப்பு, விளையாட்டுக்கு மட்டும் நிறுவனம் பொறுப்பா? நீங்களும் ஐயாவும் முதலில் உங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்.

பெருநற்கிள்ளி:
என்னை அவரோடு சேர்க்க வேண்டாம். துப்பாக்கியை நான் எங்கும் ஆதரித்ததில்லை. பள்ளியில் சுடும் விளையாட்டு இருந்ததை இளங்கதிரே 'இருந்தது' என்று தம் கையால் எழுதிவிட்டார். எனக்கு அது போதும்.

இளங்கதிர்:
'நாள் முழுவதும்' என்று எழுதியதற்குச் சான்று இன்னும் வரவில்லை. காத்திருக்கிறேன்.